மையத்து வீட்டுக்கு வருகிறவர்கள்

ஒருவர் இறந்தால் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுது அடக்குவது ஊரார் மீது ஃபர்ளு கிஃபாயா. சிலர் செய்தால் எல்லோர் கடமையும் நீங்கும். யாரும் செய்யாவிட்டால் எல்லோர் மீதும் குற்றம். இதனால் துக்கத்தில் இருப்பவர் யாரிடமும் உதவி கேட்க வேண்டியதில்லை. இடிந்துபோன மனத்துக்குக் கேட்கும் தெம்பும் இருக்காது. சந்தூக்கு என்னும் பாடையைத் தூக்கத் தோள்கள் வந்துவிடும், அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சோறு வந்துவிடும்.

காத்தான்குடி, ஓட்டமாவடி போன்ற இலங்கை ஊர்களில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தல் வந்தால் போதும். தெருவெல்லாம் உறவுக்காரர்கள்தான். ஜனாஸா நலன்புரிச் சங்கங்களும் பல ஊர்களில் உண்டு.

சென்னையை ஒட்டிய தாம்பரம் பக்கம் நிலைமை வேறு. குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் வண்டலூரிலும் வாடகைக்கு இருக்கும் பலருடைய பெயர் கீழக்கரையிலோ மேலப்பாளையத்திலோ உள்ள ஜமாஅத்தின் சந்தாப் புத்தகத்தில் இருக்கிறது. மரணம் நேர்ந்தால் ஆம்புலன்ஸ் ஜிஎஸ்டி சாலையில் தெற்கே இரவெல்லாம் ஓடும். இல்லையென்றால் உள்ளூர்ப் பள்ளிவாசலின் மையவாடியில் (அடக்கத்தலத்தில்) இடம் கேட்க வேண்டும். அப்போது வந்து நிற்பவர்கள் ஜும்ஆவில் தோளோடு தோள் நின்றவர்கள், பெயர்கூடத் தெரிந்திருக்காது. இரத்த உறவு இல்லாத இந்தச் சகோதரத்துவத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்த வழக்கம் மனத்தை எவ்வளவு தாங்கியிருந்தது என்பதை, அது பறிக்கப்பட்டபோது இலங்கை கண்டது. உலக சுகாதார நிறுவனம் அடக்கத்தையும் அனுமதித்திருந்தும், 2020 ஏப்ரலில் கொவிட்டில் இறந்தவர்களின் உடல்களை எரிப்பதை அரசு கட்டாயமாக்கியது. பிறந்து 20 நாளான குழந்தையும் எரிக்கப்பட்டது. கொழும்பின் பொரளை கனத்தை மயான வேலியில் மக்கள் எதிர்ப்பாக வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். 2021 பிப்ரவரியில்தான் அடக்கத்துக்கான தடை நீங்கியது. அதன்பின் தீவெங்கிலுமிருந்து உடல்கள் ஓட்டமாவடிக்குப் போயின. அங்கே அடக்கப்பட்ட 3,634 பேரில் பௌத்தரும் இந்துக்களும் கத்தோலிக்கரும் உண்டு. 2024 ஜூலையில் அரசு மன்னிப்புக் கேட்டது. குளிப்பாட்டவும் கபுரில் மண் போடவும் முடியாமல் போன பிள்ளைகளுக்கு அந்த மன்னிப்பு எதை ஈடுசெய்யும்?

கொவிட் காலத்தில் தமிழ்நாட்டில் அடக்கத்துக்குத் தடை வரவில்லை. தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத் (தமுமுக) தொண்டர்கள் கவச உடையோடு எல்லா மதத்தார் உடல்களையும் அடக்கம் செய்தார்கள். உறவினர் நெருங்க அஞ்சிய நாட்களில் முன்பின் அறியாதவருக்காகத் தோள் கொடுத்தார்கள்.

ஆனால் இரு கரைக்கும் ஒரு குறை பொது. ஒரு முஸ்லிமுக்கு மற்றவர் மீதுள்ள உரிமைகளில், நோயாளியை விசாரிப்பதும் ஜனாஸாவைப் பின்தொடர்வதும் அடுத்தடுத்தே நபிமொழியில் வருகின்றன. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பழத்தோடு போகிறோம். மனச்சோர்வில் கதவடைத்துக் கிடப்பவரை நோய் விசாரிக்கப் போவது அரிது; அதற்கு ஒலிபெருக்கி அறிவிப்பும் இல்லை. தாம்பரம் பகுதி ஜமாஅத்துகள், சொந்த ஊர் எது என்று பாராமல் வாடகைக் குடும்பங்களையும் விடுதி மாணவர்களையும் தங்கள் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம். இரண்டு ஜும்ஆவுக்கு ஒருவரைக் காணவில்லை என்றால், தொழுகை வரிசையில் (ஸஃப்) பக்கத்தில் நிற்பவர் அவர் வீட்டுக்கு நேரில் போய்வரலாம்.