புறக்காழும் அகக்காழும்: மரபியலின் தாவரப் பகுப்பும் இன்றைய உயிரின வகைப்பாடும்

தொல்காப்பிய மரபியல் தாவரங்களைப் புல், மரம் என இரண்டாகப் பகுப்பதை ஒருவித்திலை, இருவித்திலைப் பாகுபாட்டோடு பொருத்திக் காட்டுவது தமிழாய்வில் வழக்கமாகிவிட்டது. ஓரறிவு முதல் ஆறறிவு வரையிலான உயிரடுக்கைப் படிமலர்ச்சிக் கொள்கையின் முன்வடிவாகக் கூறுவதும் அதனோடு சேர்ந்தே வருகிறது. இவ்விரு கூற்றுகளும் ஒரே தரத்தன அல்ல. முன்னதன் பின்னே கூர்ந்த உற்றுநோக்கல் உண்டு. பின்னதற்கு நூற்பாக்களில் இடமில்லை. ஒப்பீட்டின் மறுபக்கமாகிய அறிவியல் வகைப்பாடே கடந்த முப்பது ஆண்டுகளில் உருமாறிவிட்டது என்பதும் இவ்வொப்பீடுகளில் போதிய அளவு கருதப்படவில்லை.

நூற்பா வகுப்பது

புறத்தே வயிரம் உடையது புல், அகத்தே வயிரம் உடையது மரம் என்பது மரபியலின் வரையறை. பனையின் தண்டைக் குறுக்கே வெட்டினால் வாஸ்குலக் கற்றைகள் சிதறிக் கிடப்பதையும், விளிம்பில் அவை நெருங்கி நார்த்திசுவால் இறுகியிருப்பதையும், நடுப்பகுதி மென்மையான சோறாக இருப்பதையும் காணலாம். வேம்பிலும் புளியிலும் கேம்பியம் புதிய கட்டையைச் சேர்த்துக்கொண்டே போக, நடுவிலுள்ள பழைய கட்டை வைரக்கட்டையாகிறது. பனையைப் பிளந்து கைமரம் எடுப்போர் உட்சோற்றை நீக்கிப் புறவயிரத்தையே கொள்வர். தச்சர் கையறிவும் நூற்பாவின் வரையறையும் இங்கு ஒன்றுபடுகின்றன. தென்னையையும் பனையையும் உயரம் கருதி மரமென்று கொள்ளாமல் புல்லோடு சேர்த்தது எளிய செயலன்று.

ஆயினும் இப்பகுப்பின் நோக்கம் சொல்வழக்கு. தோடு, மடல், ஓலை, பாளை முதலியன புல்லின் உறுப்புப் பெயர்கள். இலை, தளிர், முறி, அரும்பு முதலியன மரத்தின் உறுப்புப் பெயர்கள். காய், பழம், தோல் முதலியன இரண்டிற்கும் பொது. விலங்கு, பறவைகளின் இளமைப்பெயர்களையும் ஆண், பெண் பெயர்களையும் வரையறுக்கும் இயலில் இது இடம்பெறுவதே அந்நோக்கைக் காட்டும். மரபியலின் சில நூற்பாக்கள் இடைச்செருகல் என்னும் விவாதம் தனியே நடப்பது. இங்கு அது தடையாகாது.

வித்திலை எண்ணிக்கை இந்நூற்பாக்களில் எங்கும் அளவுகோலாகவில்லை. பப்பாளிக்கு வித்திலை இரண்டு. தண்டின் நடுவிலோ வயிரமின்றிப் பொள்ளல். பைனுக்கு அகக்காழ் உண்டு. ஆனால் அது பூக்கும் தாவரமே அன்று. எனவே ஒருவித்திலை, இருவித்திலை என்னும் பகுப்புக்கு முற்றிலும் புறம்பானது.

இருவித்திலை என்னும் வகை

பூக்கும் தாவரங்களை மரபணு வரிசைகளின் துணைகொண்டு வகைப்படுத்தும் ஏ.பி.ஜி. முறை 1998இல் வெளிவந்தது. அதன் நான்காம் வடிவம் 2016இல் வந்தது. ஒருவித்திலைத் தாவரங்கள் ஒரே மூதாதையின் வழிவந்த முழுமையான தொகுதி என இம்முறை உறுதிசெய்தது. பழைய இருவித்திலைத் தொகுதியோ சிதைந்தது. ஒருவித்திலைகளே அதன் உள்ளிருந்து கிளைத்தவை என்பதால் அது ஒரு கால்வழியாக நிற்கவில்லை. ஆம்பல், ஒருவித்திலைகளும் மெய்யிருவித்திலைகளும் பிரிவதற்கு முன்பே தனித்துக் கிளைத்த வரிசையைச் சேர்ந்தது. மிளகு, சண்பகம், இலவங்கப்பட்டை மரம் ஆகியவை மக்னோலியத் தொகுதியின. ஆம்பலோடு ஒரே குளத்தில் பூக்கும் தாமரையோ மெய்யிருவித்திலைகளுள் ஒன்று. புரோட்டியேலிஸ் வரிசையில் பிளேன் மரத்திற்கு உறவு. எனவே மரபியலின் 'மரம்' இருவித்திலையே என வாதிடுவோர், கைவிடப்பட்ட ஒரு வகையோடு தொல்காப்பியத்தைப் பிணைக்கின்றனர். அவ்வகை வீழும்போது அதன்மேல் எழுப்பிய புகழுரையும் வீழ்கிறது. தண்டின் உள்ளமைப்பைக் கண்டுணர்ந்த நுட்பம் கவனிப்பாரற்றுப் போகிறது.

பாசியும் ஏணியும்

'தாவரம்' நிலைபெயராதது என்னும் பொருளுடைய வடசொல்லின் தமிழ்வடிவம். கிளாமிடோமோனாஸ் இரு கசையிழைகளால் நீந்துவது. ஆயினும் பசுந்தாவரக் கால்வழியில் அடங்கும். 'பாசி' என்னும் சொல் இன்னும் விரிந்தது. நீலப்பச்சைப் பாசி யூகாரியோட்டே அன்று, பாக்டீரியா. மன்னார் வளைகுடாவில் எடுக்கப்படும் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் சிவப்புப் பாசிகள். அவை பசுந்தாவரங்களின் உடன்பிறப்புக் கால்வழி. அதே கடலின் சர்காசம் என்னும் பழுப்புப் பாசி அவற்றிலிருந்து மிகத் தொலைவில், டயாட்டம்களோடும் உருளைக்கிழங்கைத் தாக்கும் கருகல் நோய் உயிரியோடும் உறவுடையது. அதன் கணிகம் சிவப்புப் பாசியொன்றிலிருந்து பெறப்பட்டது. விட்டேக்கர் 1969இல் வகுத்த ஐந்துலகப் பகுப்பு இவ்வுறவுகளைக் காட்டாது. ஆடலும் பிறரும் 2005, 2012, 2019 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட யூகாரியோட்டு வகைப்பாடுகள் உலகம் என்னும் படிநிலையையே கைவிட்டன. தாவரத்தோடு வைத்துப் பயிலப்பட்ட பூஞ்சை இன்று விலங்கின் பக்கத்தில் நிற்கிறது.

அறிவடுக்கு ஏணி வடிவினது. கால்வழி கிளை வடிவினது. மூவறிவுயிராகச் சிதலும் எறும்பும் மரபியலில் ஒருங்கே நிற்கின்றன. கால்வழியிலோ எறும்பு குளவி, தேனீக்களின் இனம். சிதல் கரப்பானின் இனம். ஓருயிர் மற்றோருயிராக மாறியது என்றோ, இரண்டும் ஒன்றிலிருந்து பிரிந்தன என்றோ எந்நூற்பாவும் கூறவில்லை. புலன்களின் எண்ணிக்கையால் உயிர்களை வரிசைப்படுத்தியது தனிச் சிந்தனை. அதற்குத் தற்கால உயிரியலின் சான்றிதழ் தேவையில்லை.

மரபியலுக்குப் பொருத்தமான ஒப்பீட்டுத் துணை மக்கள்வழக்கு உயிரின வகைப்பாட்டு ஆய்வுகளே. பிரெண்ட் பெர்லின் இத்துறையில் எழுதிய நூல் 1992இல் வெளிவந்தது. அவர் ஆராய்ந்த பெரு நாட்டு அகுவாருணா மக்கள் பனையினங்களை மரத்தோடு சேர்ப்பதில்லை; அவற்றிற்குத் தனி வகைப்பெயர் வழங்குகின்றனர். பனையை மரத்திலிருந்து விலக்கியதில் மரபியலும் அவ்வழக்கும் ஒத்துள்ளன. புல்லோடு இணைத்ததில் மரபியல் வேறுபடுகிறது.