எண்ணெயும் பாலும்

ஒட்டாத உறவைச் சொல்ல நமக்கு எண்ணெயும் தண்ணீரும்தான் உவமை. சாலட்டுக்கான மயோனைஸ் அந்த உவமையைப் பொய்யாக்கிவிடுகிறது.

பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. முட்டை இல்லாமலும், எண்ணெயை நீரோடு ஒட்டவைக்கும் இந்த வித்தை பலிக்கும்; பால் போதும். காய்ச்சி, ஆறவைத்து, குளிரவைத்த பால் கால் கப். வாசனையில்லாத எண்ணெய் அரை கப். சட்னி ஜாரில் பாலைச் சுழலவிட்டு, மூடியின் துளை வழியே எண்ணெயை நூலாக இறக்க வேண்டும். அவசரப்பட்டால் எண்ணெய் தனியாக மிதக்கும்.

பாலின் புரதம் ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் போர்த்திக்கொள்கிறது. துளிகள் ஒன்றோடொன்று கலக்காமல் நெருக்கியடித்து நிற்கின்றன. தேர்த்திருவிழாக் கூட்டம் மாதிரி. கெட்டித்தன்மை என்பது அந்த நெரிசல்தான்.

எனக்குப் பிடித்தது அந்தச் சத்தம். சளசளவென்று ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி திடீரென்று குரல் கனத்து அடங்கும். திறந்தால் வெண்ணெய் போல வழவழப்பு. அப்போது உப்பு, மிளகு, ஒரு பல் பூண்டு, எலுமிச்சைச் சாறு. புளிப்புப் பட்டதும் இன்னும் கொஞ்சம் இறுகும். இரண்டு ஸ்பூன் தயிரால் தளர்த்தி வெள்ளரித் துண்டுகள் மேல் ஊற்றினால், கிண்ணத்தை வழித்துத் தின்னத்தான் ஆள் வேண்டும்.