யார் தோளுக்கு யார் சீலை

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 18ஆம் நூற்றாண்டு கவுன்கள் சில இருக்கின்றன. வெட்டித் தைத்தது ஐரோப்பாவில். துணியில் பூவும் கொடியும் தீட்டியது சோழமண்டலக் கரையில். கான்டனிலிருந்து போனது பட்டில் தீட்டியது, இங்கிருந்து போனது பருத்தியில். கடுக்காயிலும் எருமைப்பாலிலும் துணியை முக்கிக் காயவைத்து, படிகாரக் கரைசலால் எழுதி, சாயவேரில் கொதிக்க வைத்தால் எழுதின இடம் மட்டும் சிவக்கும். நீலம் ஏறக்கூடாத இடத்தை மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் இறக்குவார்கள். துவைத்தாலும் போகாத சாயம். இந்தத் துணிக்குப் பயந்துதான் பிரான்ஸ் 1686இலும் இங்கிலாந்து 1721இலும் தடைச்சட்டம் போட்டன.

இவ்வளவு வேலை பார்த்தவன் 'சோழமண்டலக் கரை' என்ற ஊர்ப்பெயருக்குள் முடிந்துபோகிறான். அருங்காட்சியகத்தின் இந்த மௌனத்தைக் கட்டுடைக்க நம்மிடம் ஆள் நிறைய உண்டு. சிக்கல் அடுத்த அடியில். உடனே 'தமிழன் கைவண்ணம்' என்று கிளம்பிவிடுகிறோம். மசூலிப்பட்டினமும் அந்தக் கரையில்தான் இருக்கிறது என்பதை விடுங்கள். எந்தத் தமிழன்? எவள் உடுத்த?

நாஞ்சில் நாட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்டால் இந்தப் பெருமிதம் தொண்டையில் இறங்காது. இங்கே நாடார் பெண் தோளை மூடியது குற்றம். 1829இல் திருவிதாங்கூர் அரசு, கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் போடலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மேலாடை போடக் கூடாது என்றது. சந்தையில் வைத்துத் துணியைக் கிழித்தார்கள். 1859 ஜூலையில் வந்த பிரகடனமும் 'மேல்சாதிப் பெண்களைப் போல அல்ல' என்ற வாலோடுதான் வந்தது. ரோலான் பார்த் 1967இல் ஃபேஷன் பத்திரிகைகளை வைத்து உடையை ஒரு மொழியாக வாசித்தார். சரிதான். ஆனால் அந்த மொழியைப் பேசினால் அடி விழும் ஊரில் அந்த வாசிப்பு பாதி வழியில் நின்றுவிடுகிறது.

இன்னொன்று. 1820களில் நாகர்கோவில் மிஷனில் திருமதி மால்ட் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். வாங்கியவர்கள் ஐரோப்பியச் சீமாட்டிகள். அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைப் பெண்கள் சிலர் தங்களையே விலைகொடுத்து மீட்டுக்கொண்டார்கள். அப்படிப் பின்னியவர்களின் தோளுக்கு அரசாணை தேவைப்பட்ட காலம் அது. கவுனை ஒருத்தி பெட்டியில் மடித்து வைத்தாள், வாரிசுகள் காப்பாற்றினார்கள். சந்தையில் கிழிந்ததை யார் மடித்து வைப்பார்?

காகிதத்திலும் அது நிலைக்கவில்லை. 9ஆம் வகுப்புப் பாடத்தில் இருந்த இந்த உடைக் கலவரப் பகுதியை 2016 டிசம்பரில் சிபிஎஸ்இ விலக்கச் சொன்னது. 2019இல் என்சிஇஆர்டி அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டது.