செய்யப்பட்ட பண்டிகைகள்

எம். கே. அசான்டேயின் ‘தி பிளாக் கேண்டில்’ (2008) ஆவணப்படத்தைப் பற்றி நான் பேசியபோது மயிலாப்பூர் நண்பர் கேட்டார்: “குவான்சா செஞ்சு வச்ச பண்டிகைதானே?”

ஆமாம். வாட்ஸ் கலகத்துக்கு அடுத்த ஆண்டு, 1966ல், மௌலானா கரேங்கா கட்டமைத்தது. டிசம்பர் 26 தொடங்கி ஏழு நாள், ஏழு மெழுகுவர்த்தி, ஏழு கோட்பாடு. பெயர்கள் கிழக்கு ஆப்பிரிக்க சுவாஹிலி. கடத்தப்பட்ட அடிமைகளில் பெரும்பாலோரோ மேற்கு, மத்திய ஆப்பிரிக்கர்கள். மாயா ஏஞ்சலோவின் குரல் இந்தக் கதையைச் சொல்லிச் செல்கிறது.

நண்பருடைய மார்கழி சீசன் மட்டும் வானத்திலிருந்து விழுந்ததா? 1927 சென்னைக் காங்கிரசை ஒட்டிய இசை மாநாடு, 1928ல் மியூசிக் அகாதமி என்று செய்யப்பட்டதுதான். அது ‘மரபு’, பறிகொடுத்தவர்கள் செய்தால் ‘செயற்கை’. 2020ல் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’ என்று அதே டிசம்பரில் பறையையும் கானாவையும் மேடையேற்றியபோது கலைந்தது இந்தச் சொல்லாடல்தான்.

ஆனால் எதிர்ப்பண்டிகைக்குள்ளும் அதிகாரம் உண்டு. தன் இயக்கப் பெண்கள் இருவரைத் தாக்கிய வழக்கில் 1971ல் கரேங்கா தண்டிக்கப்பட்டார். அந்தப் பெண்களுக்கு இந்த மெழுகுவர்த்தி என்ன வெளிச்சம் தந்திருக்கும்? நம்ம மேடைகளிடமும் இதைக் கேட்டாகணும். பண்டிகை எப்போ பொறந்ததுங்கிறது கேள்வியில்லை. அதுக்குள்ள யார் குரல் அடங்கிப்போகுதுங்கிறதுதான்.