லட்சுமிக்கு இன்னொரு முத்துமாலை எதற்கு?

பெசன்ட் நகர் அடுக்ககங்களில், சோபாவுக்கு மேலே பழைய ரவிவர்மா லட்சுமி படத்தை மாட்டியிருக்கும் வீடுகள் உண்டு. தாமரையும் யானையும் அச்சு. புடவைக் கரையில் ஒட்டிய ஜரிகை பாட்டி காலத்தது. கிரீடத்தில் மின்னும் படிகக் கல்லும் கழுத்து முத்தும் போன வருஷத்தவை. வம்பு அங்கேதான்.

படத்தை அலங்கரிப்பது புதிய பழக்கமல்ல. ரவிவர்மாவின் அச்சகம் 1894இல் மும்பையில் தொடங்கியது. பிறகு லோணாவ்லா அருகே மளவ்லிக்கு இடம்பெயர்ந்தது. நிறத்துக்கு ஒரு அச்சுக்கல் என்று பல கற்களில் மாறி மாறி அச்சிட்டு, எண்ணெய் ஓவியம்போல் தெரிய வார்னிஷ் பூசினார்கள். ஆயிரக்கணக்கில் ஒரே முகம். அதை வாங்கிய வீட்டுப் பெண்கள் பட்டுத்துணி வெட்டி ஒட்டினார்கள். ஜரிகை, சமிக்கி, கண்ணாடி மணி தைத்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இத்தகைய படங்கள் நிறைய இருந்தன. ஒரு வீட்டு லட்சுமி இன்னொரு வீட்டு லட்சுமியாக இருக்கமாட்டாள். அச்சு இயந்திரம் பறித்த தனித்தன்மையை ஊசியும் நூலும் மீட்டுத் தந்தன. இந்தக் கலையின் பெரிய பலம் இதுதான். பெயர் தெரியாத அந்தப் பெண்களுக்கு எந்தக் கலை வரலாறும் உரிய இடம் தரவில்லை என்பது வேறு கதை.

இன்று நடப்பது வேறு. காரைக்குடி பழம்பொருள் கடைகளிலிருந்து வரும் படம் மங்கலாக இருந்தால் விலை போகாது. எனவே நைந்த ஜரிகையைப் பிய்த்துவிட்டுப் புதுக் கல் பதிக்கிறார்கள். பிய்த்த இடத்தைக் கவனித்தால் வெயில் படாத பழைய நிறம் பளிச்சென்று தெரியும். அது படத்தின் வயதுக்கே சாட்சி. அதன்மேல் செயற்கைப் பசை. கல்லின் பாரத்தில் பழைய காகிதம் நெளிகிறது. பின்னால் கழற்ற நினைத்தால் வார்னிஷும் சேர்ந்து உரிகிறது. சட்டத்துக்குள் அடங்கவில்லையென்று அச்சகப் பெயருள்ள கீழ்விளிம்பையும் நறுக்கிவிடுகிறார்கள்.

பழைய இத்தாலியத் தேவாலயங்களின் பொன்பூசிய மரத்துண்டுகளில் முத்தும் படிகமும் பதித்து மேலைநாட்டில் விற்கிறார்கள். அதையாவது மன்னிக்கலாம்: அவை ஏற்கெனவே உடைந்த துண்டுகள். இங்கே கைவைப்பது முழுப்படத்தில்.

மறுபக்கமும் உண்டு. கல் வைக்காவிட்டால் சில படங்கள் பரணிலேயே ராமபாணப் பூச்சிக்கு இரையாகியிருக்கும். ஆனாலும் புது வேலையைச் சொல்லாமல், எல்லாம் நூறு வருஷப் பழசு என்று விற்பது ஏமாற்று.

அலங்கரிக்க ஆசையா? மறுபதிப்பு ஒன்றை வாங்கி, விரும்பிய முத்தையெல்லாம் தைத்துக்கொள்ளுங்கள். பழைய படத்தைச் சட்டம் போடத் தருமுன் முன்னும் பின்னும் புகைப்படம் எடுத்துவையுங்கள். விளிம்பை நறுக்கக்கூடாதென்று கடைக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.