எர்மோலாயின் வலது கன்னம்

துர்கேனிவின் 'வேட்டைக்காரனின் குறிப்புகள்' 1852ல் நூலாக வந்தது. அதில் வரும் எர்மோலாய் ஒரு பண்ணையடிமை. மாதம் ஓரிரண்டு ஜோடி க்ரௌஸும் கவுதாரியும் பண்ணைவீட்டுச் சமையல்கட்டுக்குக் கொண்டுவந்து போட்டாக வேண்டும். மற்றபடி எங்கே படுத்தான், எதைத் தின்றான் என்று கேட்க நாதியில்லை. கையில் ஒரு பழைய ஒற்றைக்குழல் சக்கிமுக்கித் துப்பாக்கி. சுட்டால் பின்னுக்கு உதைக்கும். உதை வாங்கி வாங்கி அவனுடைய வலது கன்னம் இடது கன்னத்தைவிட எப்போதும் பருத்திருக்கும். அந்தத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு எப்படிக் குறி தப்பாமல் சுடுகிறான் என்பது யாருக்கும் விளங்காது. ஆனால் சுட்டுவிடுவான்.

இந்தக் கன்னத்தை வாசித்துச் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம். வேட்டை என்பது அந்த நூலில் வெறும் சாக்கு, அடிமைகளின் வாழ்க்கையைச் சொல்ல ஒரு சட்டகம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கருவியைப் புரிந்துகொள்ளாமல் வேட்டை இலக்கியத்தை வாசிப்பது, ராகம் தெரியாமல் கச்சேரிக்குப் போய்ச் சாகித்யத்தை மட்டும் கேட்டுவிட்டு வருவதுபோல. தமிழில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒற்றைக் குண்டு பாயும் ரைஃபிளும் 'துப்பாக்கி', நூற்றுக்கணக்கான ரவைகளை மேகம்போல வீசும் ஷாட்கன்னும் 'துப்பாக்கி'. மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒன்றாகிவிடும்போது, பறவை வேட்டைக்காரன் எதை முடிவு செய்கிறான் என்பதே மறைந்துபோகிறது.

அவன் முடிவு செய்வது தூரத்தை. ஷாட்கன் குழலின் வாயை மில்லிமீட்டரில் ஒரு பின்னம் அளவுக்கு ஒடுக்கினால் ரவைகள் சிதறுவது குறையும். இந்த ஒடுக்கத்துக்குத்தான் சோக் என்று பேர். இங்கிலாந்தின் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் 1870களில் இதை உலகம் முழுக்கப் பரப்பினார். 40 கஜ தூரத்தில் 30 அங்குல வட்டம் ஒன்றை வரைந்து அளக்கிறார்கள். ஒடுக்கமே இல்லாத குழல், அதாவது சிலிண்டர், ஏறத்தாழ 40 சதவீத ரவைகளை வட்டத்துக்குள் போடும். இம்ப்ரூவ்ட் சிலிண்டர் 50, மாடிஃபைட் 60, ஃபுல் சோக் 70. கேட்டவுடன் 70தான் நல்லது என்று தோன்றும், இல்லையா? ஆனால் க்ரௌஸும் வுட்காக்கும் ஏரிக்கரை வாத்து மாதிரி தூரத்தில் வருகிறவை அல்ல. நாயோடு புதர்க்காட்டில் நடந்துபோகும்போது காலடியிலிருந்து படபடவென்று எழும். 15, 20 கஜத்தில் சுட வேண்டும். அந்தத் தூரத்தில் ஃபுல் சோக் போட்டால் ஒன்று முழுசாகத் தவறும், இல்லை பறவை கந்தலாகும். சமையலுக்குத் தேறாது.

இரட்டைக்குழலில் முதல் குழல் அகலம், இரண்டாவது குழல் சற்று இறுக்கம் என்று வைப்பது இதனால்தான். முதல் வெடிக்கும் இரண்டாவது வெடிக்கும் நடுவில் பறவை பத்து கஜம் தள்ளிப் போயிருக்கும். எர்மோலாய்க்கு இரண்டாவது குழலே கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு திரும்ப வாசியுங்கள். தவறினால் அடுத்த வெடி இல்லை என்ற நிலையில் வாழ்ந்து பழகிய ஒருவனுடைய முகம் அது. துர்கேனிவ் அதை விளக்கிச் சொல்வதில்லை. கன்னத்தைக் காட்டுகிறார், அதோடு சரி.

தல்ஸ்தோயும் கருவி அறிந்தவர். 'அன்னா கரேனினா'வின் ஆறாம் பாகத்தில் உள்ளான் சுடப் போகிறார்கள். ஸ்தீவா கிழிந்த கால்சட்டையும் நைந்த தொப்பியுமாக வருகிறான். ஆனால் அவன் கையில் இருப்பது புதுமாதிரித் துப்பாக்கி, அருமையான பொருள். வாசென்கா வெஸ்லோவ்ஸ்கிக்கோ எல்லாமே பளபளப்பு: ரிப்பன் வைத்த ஸ்காட்லாந்துத் தொப்பி, புத்தம்புது ஆங்கிலத் துப்பாக்கி. உண்மையான வேட்டைக்காரனின் மிடுக்கு கந்தல் உடுப்பும் உயர்ந்த கருவியும்தான் என்பது அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கவில்லை என்கிறார் தல்ஸ்தோய். அந்தப் புதுத் துப்பாக்கி கைதவறி வெடித்து, நல்லவேளையாக ரவைகள் தரையில் பாய்கின்றன. நல்ல பகுதிதான். ஆனாலும் இங்கே துப்பாக்கி ஆளை அடையாளம் காட்டும் உடுப்பின் இன்னொரு பாகம் மட்டுமே. எர்மோலாயின் கன்னம் தொடும் இடத்தை இது தொடவில்லை என்பது என் எண்ணம்.

அமெரிக்க வேட்டை எழுத்துக்கு வந்தால் எனக்குக் கோபமே வருகிறது. அங்கே சிறிய கேஜ் துப்பாக்கிகளைப் பற்றி ஒரு பக்தி இலக்கியம் இருக்கிறது. 28 கேஜ் கனவான்களின் துப்பாக்கியாம், பறவைக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பதாம். கேஜ் என்றால் என்ன? குழலின் விட்டத்துக்குச் சரியான ஈய உருண்டைகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு என்ற கணக்கு. எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். 410 மட்டும் விதிவிலக்கு, அது அங்குலத்தில் விட்டம். இனி ரவைக் கணக்கு. ஏழரை எண் ரவையில் 20 கேஜின் முக்காலே அரைக்கால் அவுன்ஸ் தோட்டாவில் சுமார் 300 ரவைகள். 28 கேஜின் முக்கால் அவுன்ஸில் சுமார் 260. 410இன் அரை அவுன்ஸில் 175 தேறும்.

சிறிய கேஜ் சிறிய வட்டமாகச் சிதறும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வட்டத்தின் அகலத்தைப் பெரும்பாலும் சோக் முடிவு செய்கிறது. கேஜ் குறைத்தால் அந்த வட்டம் ஓட்டை விழுந்த வலையாகிறது, அவ்வளவுதான். அந்த ஓட்டைகளில் பறவை தப்பினால் நல்லது. ஆனால் ஓட்டையின் ஓரத்தில் ஒன்றோ இரண்டோ ரவை பட்டு, பறந்துபோய், புதருக்குள் இரண்டு நாள் கிடந்து சாகும். 'வாய்ப்பு' என்று எழுதுகிறவர்கள் இதை எழுதுவதில்லை. பையில் விழாத பறவை கதையிலும் விழுவதில்லை.

இந்தப் பக்தி எங்கே பொருந்தும் என்றும் சொல்லிவிடுகிறேன். மசாசூசெட்ஸில் 1920களில் க்ரௌஸ் வேட்டைக்குப் பயிற்சியாக மண்தட்டுகளை வீசிச் சுடும் விளையாட்டு ஒன்றை உருவாக்கினார்கள். அதில் ஒருவர் ஓவியரும் பத்திரிகை ஆசிரியருமான வில்லியம் ஹார்ண்டன் ஃபாஸ்டர். முதலில் முழு வட்டத்தைச் சுற்றி நின்று சுட்டார்கள். பக்கத்து நிலத்தில் ஒருவர் கோழிப்பண்ணை வைத்ததும் வட்டம் பாதியானது. (கோழிக்காரருக்கு விளையாட்டு வரலாற்றில் ஒரு சிலை வைக்கலாம்.) 1926ல் பெயர்ப் போட்டி நடத்தி ஸ்கீட் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு 12, 20, 28, 410 என்று அதில் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. மண்தட்டுக்கு வாய்ப்புக் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். அது காயப்பட்டுப் பறந்து போகாது. உயிருள்ள பறவைக்குக் காட்டும் இரக்கம் கேஜில் இல்லை. 25 கஜம் தாண்டிவிட்டால் சுடாமல் விடுவதில் இருக்கிறது. அப்படி விடத் தெரிந்தவர் கையில் 28 கேஜ், ஸ்கீட் சோக்கும் இம்ப்ரூவ்ட் சிலிண்டருமாக இருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். 410ஐக் காட்டுக்குக் கொண்டுபோவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

குழல் நீளத்திலும் இதே கதை. கரிமருந்துக் காலத்தில் நீளத்துக்கு அர்த்தம் இருந்தது. இன்றைய புகையற்ற மருந்து சீக்கிரம் எரிந்து முடிகிறது. 26 அங்குலத்துக்கும் 28 அங்குலத்துக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வீச்சில். சிறிய கேஜ் துப்பாக்கி ஏற்கெனவே எடை குறைந்தது. குழலையும் குட்டையாக்கினால் சட்டென்று திரும்பும், சட்டென்று நின்றும்விடும். பறவையைத் தொடரும் வீச்சு பாதியில் நின்றால் ரவைகள் வால்பக்கமாகப் போகும். காயப்படுவது அங்கேதான். ஆகவே இரண்டு அங்குலம் கூடுதலான குழல் எனக்கு நியாயமாகப் படுகிறது. அடர்ந்த புதரில் இடிக்கும் என்பார்கள். இடிக்கட்டும்.

இந்த வீச்சை எழுத்தில் கொண்டுவந்தவர் ஆல்டோ லியோபோல்ட். இறந்த மறு ஆண்டு, 1949ல் வந்த அவருடைய 'சாண்ட் கவுண்டி அல்மனாக்'கில் சிறுவயது வேட்டை பற்றி ஒரு சிறு கட்டுரை. அப்பா கொடுத்தது ஒற்றைக்குழல் துப்பாக்கி. நாய் பறவையை மரத்தில் ஏற்றி நிறுத்தும். ஆனால் மரத்தில் உட்கார்ந்திருக்கும் கவுதாரியைச் சுடக் கூடாது, பறப்பதைத்தான் சுட வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. கைக்கெட்டிய பறவையை விட்டுவிட்டு நம்பிக்கையில்லாத வெடியைத் தேர்வதைத் தன் முதல் அறப்பாடமாக அவர் சொல்கிறார். இதே நூலின் பிற்பகுதியில் வேட்டைக்காரர்கள் மேல் கருவிகளைக் குவிக்கும் வியாபாரத்தைக் கடிந்துகொள்கிறார். அந்தத் துப்பாக்கியைப் பற்றி அதிகம் எழுதாதவருக்கு அப்படிக் கடிந்துகொள்ள உரிமை உண்டு.

இரண்டு பருவங்கள் ஓர் இறகுகூடக் கிடைக்காமல் போகின்றன. பிறகு ஒருநாள் இடப்பக்கம் ஒரு பெரிய கவுதாரி எழுந்து மரங்களுக்கு மேலே உயர்ந்து, பின்புறமாகக் குறுக்கே போகிறது. அவன் உடம்பைத் திருப்பி வீச்சோடு சுடுகிறான். விழுந்த இடத்திலிருந்த செடிகளை இன்றும் வரைந்து காட்ட முடியும் என்கிறார். எத்தனை தடவை வாசித்தாலும் அலுக்காத இடம் அது. ஆனால் பையன் மரத்துப் பறவையை விட்டுவிட்டு நம்பிக்கையில்லாத வெடிகளைச் சுட்டுக்கொண்டிருந்த அந்த இரண்டு பருவங்களில், ரவை பட்டும் விழாமல் போனவை உண்டா என்று அந்தக் கட்டுரை கேட்பதில்லை. அந்தப் பக்கத்துக்கு வரும்போதெல்லாம் நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.