கதவை விட்டு இறங்கிய ஸ்டெப்னி

முதலில் அந்தச் சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். "டக்". ஒரே ஒரு டக். அதற்குப் பின்னால் ஆட்டமில்லை, கிணுகிணுப்பில்லை. பழைய வீட்டுத் தேக்குக் கதவு நிலையில் போய் உட்காருமே, அப்படி. என் ஜிப்சியின் பின்னால் இருக்கும் ஸ்டெப்னி கேரியர் இப்படித்தான் மூடுகிறது. மாட்டி நான்கு மாதமாகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் வாசலில் நிறுத்தி, ஒருமுறை திறந்து மூடிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே கூப்பிடுகிறேன். இருபது வருடமாக வண்டிகளோடு புழங்குகிறேன். எந்த வண்டிக்குச் செய்த எந்த வேலையும் எனக்கு இத்தனை சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

என்னுடையது 2008ஆம் வருடத்து ஜிப்சி கிங், துணிக்கூரை போட்டது. மாருதி 1985இல் கொண்டுவந்த ஜிப்சிக்கு 1996இல் 1.3 லிட்டர் எஞ்சின் கொடுத்து 'கிங்' ஆக்கினார்கள். ஏணி போன்ற சேசிஸ், நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங், ஏறக்குறைய ஒரு டன் எடை. மலைக்கும் சேற்றுக்கும் இதைவிடத் தோதான சின்ன வண்டி நம் நாட்டில் ஓடியதில்லை என்பது என் கட்சி. ஸ்டெப்னி பின்கதவில் தொங்கும். கம்பெனி கொடுத்த 205/70 அளவு, 15 அங்குல டயருக்கு அந்தக் கதவு தாராளமாகப் போதும். நான்தான் எஸ்டேட் பாதைக் கற்களுக்காக 215/75 அளவு மட் டயருக்கு மாறினேன். விட்டம் 668 மில்லிமீட்டரிலிருந்து 703க்குப் போனது. ரிம்மோடு சேர்த்துத் தராசில் வைத்தேன்: 23 கிலோ.

வண்டி நிற்கும்போதுதான் அது 23 கிலோ. குழியில் இறங்கி எழும் நொடியில் அதுவே இரண்டு மடங்கு, மூன்று மடங்காகிக் கதவை இழுக்கும். அதுவும் கீலிலிருந்து தள்ளி, வெளியே துருத்திக்கொண்டிருக்கிற எடை. முதலில் "லொடக் லொடக்" என்று ஒரு சத்தம். ரப்பரை மாற்றினேன், கீலை மாற்றினேன், தாழ்ப்பாளுக்கு வாஷர் வைத்தேன். சத்தம் ஒரு வாரம் ஓய்ந்து மறுவாரம் திரும்பி வந்தது. ஒருநாள் வண்டியைக் கழுவும்போது பார்த்தேன், ஸ்டெப்னி பிராக்கெட்டின் போல்ட்டைச் சுற்றித் தகட்டில் முடியிழை மாதிரி ஒரு விரிசல். நகத்தை வைத்துத் தடவினால் நகம் மாட்டியது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

நாம் வாய் நிறையச் சொல்கிற 'ஸ்டெப்னி', ஒரு தெருவின் பெயர். வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் இருக்கிறது ஸ்டெப்னி தெரு. 1904இல் அந்த ஊரில் தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர், ஆரக்கால் இல்லாத வெறும் வளையத்தில் காற்றடித்த டயரைப் போட்டு ஓர் உதிரிச் சக்கரம் உருவாக்கினார். பஞ்சரான சக்கரத்தின் மேலேயே அதைக் கவ்வ வைத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போகலாம். அதற்கு முன் கார்கள் உதிரிச் சக்கரம் இல்லாமல்தான் வந்தன. எவ்வளவு பெரிய நிம்மதியை அந்த மனிதர் உலகத்துக்குக் கொடுத்திருக்கிறார்! ஆனால் அதைச் சுமக்க ஓர் இடம் வேண்டும் என்ற தொல்லையும் கூடவே பிறந்துவிட்டது.

எனக்கு என்னென்ன வழி இருந்தது? கூரைமேல் வைக்கலாம். ஆனால் சரிவில் பக்கவாட்டாகச் சாய்ந்து போகும் வண்டிக்குத் தலைக்கனம் ஆகாது. மழையில் 23 கிலோவைத் தலைக்கு மேலிருந்து இறக்கவும் முடியாது. உள்ளே போட்டால் ஆள் உட்கார இடம் போச்சு. கதவின் உள்பக்கம் பட்டை வைத்துப் பலப்படுத்துவதைப் பலர் செய்கிறார்கள். தகடு பிழைக்கும், ஆனால் கீல் அதே கீல், எடை அதே எடை. யோசிக்க யோசிக்க ஒன்றே ஒன்றுதான் சரியென்று பட்டது. ஸ்டெப்னியின் பாரம் கதவுக்குப் போகவே கூடாது. சேசிஸுக்குப் போக வேண்டும். அதாவது சேசிஸில் போல்ட் போட்ட கனமான பின் பம்பர், அதன் ஓரத்தில் ஒரு தண்டு, அந்தத் தண்டில் சுழன்று திறக்கும் கை, அந்தக் கையில் சக்கரம்.

ரெடிமேடாகக் கிடைத்தவற்றில் இரண்டைப் போய்ப் பார்த்தேன். இதை வாங்க நினைப்பவர்கள் ஒரு சோதனை செய்யுங்கள்: கையைத் திறந்து, அதன் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். நான் பார்த்த இரண்டும் ஆடின. சுழலும் இடத்தில் பேரிங்குக்குப் பதில் வெறும் புஷ். பூட்டும் இடத்தில் ஒரு கொக்கி. கேரியர் புத்தம் புதிதாக இருக்கும்போதே ஆடினால், ஆறு மாதத்தில் அது கதவைவிடப் பெரிதாகச் சத்தம் போடும். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கோயம்புத்தூரில் குடியிருப்பவனுக்கு இந்த விஷயத்தில் ஒரு பாக்கியம் உண்டு. பம்பு செட்டும் லேத்தும் ஃபவுண்டரியும் வளர்த்த ஊர். ஆவாரம்பாளையம், கணபதிப் பக்கம் போனால் தெருவுக்கு நாலு பட்டறை. எனக்கு வாய்த்த அண்ணன் முப்பது வருடமாக டிரெய்லருக்கு அச்சு கடைந்தவர். வண்டியைச் சுற்றி வந்தார், விரிசலைத் தடவினார். "கதவுங்கறது காத்து மழைக்குத்தானுங்க. அதும்மேல போயி டயரத் தூக்கி மாட்டுனா அது பாவம் என்னதானுங்க பண்ணும்?" அந்த ஒரு வார்த்தையில் நான் சரணடைந்துவிட்டேன்.

அவர் கடைந்த தண்டை நீங்கள் பார்க்க வேண்டும். 40 மி.மீ. ஈ.என். 8 கம்பியிலிருந்து உருவி எடுத்தது. மேலே ஒன்று, கீழே ஒன்றாக 30206 நம்பர் டேப்பர் ரோலர் பேரிங்குகள், கீழே ஆயில் சீல், பக்கத்தில் கிரீஸ் நிப்பிள். டிரெய்லர் சக்கரத்துக்குள் இருப்பதையே செங்குத்தாக நிறுத்தியது மாதிரி. டேப்பர் பேரிங்கின் அழகே, மேலிருந்து வரும் பாரத்தையும் பக்கத்திலிருந்து வரும் இழுப்பையும் ஒன்றாகத் தாங்குவதுதான். நட்டை அவர் இறுக்கிய விதத்துக்கே தனியாகக் காசு கொடுக்கலாம்: கையை ஆட்டிக்கொண்டே இறுக்குகிறார், லேசாக ஒரு பிடிப்பு தெரிந்ததும் நிறுத்துகிறார், துளைக்கு நேராக ஒரு நூலிழை தளர்த்தி ஸ்பிளிட் பின் போடுகிறார். டயரை மாட்டிய பிறகு ஒரே விரலால் தள்ளினேன். எண்ணெயில் வழுக்குவது போல் திரும்பியது.

கைக்கு 50க்கு 50 சதுர பைப், 4 மி.மீ. கனம். 5 மி.மீ. போடலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். பின் அச்சுக்குப் பின்னால் ஏறும் ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும், ஏற்றத்தில் ஸ்டீயரிங் லேசாகிவிடும். அதனால் கனத்தைக் கையில் கூட்டாமல் தண்டைச் சுற்றி முக்கோணப் பட்டைகள் வைத்தார். பைப்புக்கு அடியில் தண்ணீர் வடிய ஒரு துளையும் போட்டார். அந்தத் துளையைக் கேட்காமலே போட்டதற்காக அவரை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்; துரு உள்ளிருந்துதான் தின்னும்.

பூட்டுதான் எல்லாவற்றிலும் உச்சம். கையின் நுனியில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு. பம்பரில் அதற்கேற்ற பள்ளம், உள்ளே நைலான் கட்டை. மூடும்போது ஆப்பு சரிவில் ஏறிக் கையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கி உட்கார வைக்கிறது. அப்போது பாரத்தில் ஒரு பங்கு பேரிங்கிலிருந்து இறங்கிப் பம்பருக்குப் போய்விடுகிறது. அதன்மேல் டாகிள் கிளாம்ப் இழுத்துப் பிடிக்கிறது. அது தவறி அவிழாமல் ஒரு பின். அந்த "டக்" இங்கேதான் பிறக்கிறது. நைலானை மூன்று தடவை அரம் போட்டுத் தேய்த்தார், நான் அலுக்காமல் மூன்று தடவையும் பக்கத்தில் நின்றேன்.

பொருத்தும் வேலை ஒரு நாள். சேசிஸில் புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. பழைய பம்பரும் இழுவைக் கொக்கியும் மாட்டியிருந்த துளைகளிலேயே 12 மி.மீ., 8.8 கிரேட் போல்ட், நைலாக் நட். சக்கரத்தின் உயரத்தை முடிவு செய்ய என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துக் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார். மேலே போனால் பின்னால் வருவது மறையும், கீழே வந்தால் மேட்டிலிருந்து இறங்கும்போது தரையில் இடிக்கும். சாக்பீஸால் கோடு போட்டோம். டயருக்கும் கதவுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. நம்பர் பிளேட்டை அதற்கான விளக்கோடு கையின் மேல் மாற்றினோம். பின் விளக்குகள் எந்தக் கோணத்திலும் மறையவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றும் விஷயத்தில் கறாரானது. பட்டறைக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்டுதான் இறங்கினேன், நீங்களும் கேளுங்கள். எல்லாம் சேர்ந்து 22,000 ரூபாய். பட்டறையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் இருந்த அத்தனை வேகத்தடையிலும் வேண்டுமென்றே ஏறி இறங்கினேன். லொடக் இல்லை. வண்டிக்குள் இத்தனை வருடத்தில் முதல்முறையாக கியர்பாக்ஸின் முனகல் கேட்டது.

போன மாதம் ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை போனோம். தெரிந்தவரின் எஸ்டேட், அனுமதியோடு உள்பாதை. சாயங்காலம் ஐந்தரை, தூறல், கல் கிழித்து முன் டயர் பஞ்சர். பாதை நல்ல இறக்கம். முன்பெல்லாம் இந்தச் சரிவில் கதவைத் திறந்தால் அது தானாக வந்து முட்டியில் அடிக்கும். இப்போது கை முழுதாகத் திறந்ததும் ஒரு பின் விழுந்து அங்கேயே நிற்கிறது. "நான் எடுக்கறேம்ப்பா, நீங்க ஜாக்கி போடுங்க" என்று பத்தாவது படிக்கும் மகள் முன்னால் போனாள். கிளாம்பைத் தட்டினாள், கையை வீசித் திறந்தாள், இடுப்பு உயரத்தில் இருந்த சக்கரத்தை மூன்று நட்டு கழற்றி மெல்லத் தொடைமேல் வாங்கி இறக்கினாள். இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். அட்டை கடித்த காலோடு அவள் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

இறங்கி வந்ததும் நேராகப் பட்டறை. போல்ட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டுமே. அண்ணன் கையின் நுனியைப் பிடித்து ஆட்டினார், ஆடவில்லை. கிரீஸ் கன்னை வைத்து நாலு அழுத்து அழுத்தினார். பிறகு டயர் இல்லாமல் வெறுமையாக நிற்கும் பின்கதவைத் திறந்து, அந்தப் பழைய விரிசலில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு சொன்னார்: "இனி இது வளராதுங்க. வெள்ளிக்கிழம வாங்க, ஒட்டிப்போடலாம்."